கொடுமைக்கு அளவு கேட்கிறார்கள்

(ஏலாக்குறிச்சியில் இளைஞர்களுக்காக நடந்த ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் தமிழ்ப் பேராசிரியர் இல்லை. கீழமை நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர். அதனால் இலக்கணம் நடத்தப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொடுமை என்ற சொல். அது எங்கிருந்து வந்தது, நாம் எப்படிப் புழங்குகிறோம், சட்டம் அதை யாருக்குத் தருகிறது, யாருக்கு மறுக்கிறது என்று பார்ப்போம். இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

1999. நான் ஒன்பதாவது படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் அப்பாயி இறந்து போனார். ஐப்பசி அடைமழை. எங்கள் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போக வயல் வரப்புதான் வழி. அந்த வரப்பு மழையில் கரைந்து கிடந்தது. ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். தார்ச்சாலை, பஞ்சாயத்துச் சாலை. அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் தூக்கி வர, பாடையோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். பத்து வீடு தாண்டவில்லை, மறித்துவிட்டார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அடி விழுந்தது. அப்பாயியைத் தரையில் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. மறித்தவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒரே கோயிலில் பூசை பார்க்கிறவர்கள். ஊர்ப் பெயரை நான் சொல்லவில்லை. அது எந்த ஊராகவும் இருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

அடக்கம் முடித்துவிட்டுக் காவல் நிலையம் போனோம். ரைட்டர் இரண்டு பேரின் சாதிச் சான்றிதழையும் கேட்டார். சித்தப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார், உதவித்தொகை கிடைக்கட்டும் என்று ‘இந்து ஆதி திராவிடர்’ என்று எழுதிவிட்டார். அப்பாவின் சான்றிதழில் உள்ளது உள்ளபடி ‘கிறித்தவ ஆதி திராவிடர், பிற்படுத்தப்பட்டோர்’ என்று இருந்தது. ரைட்டர் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவருக்குப் பி.சி.ஆர். போடலாம். பெரியவரே, உங்களுக்கு வராது.”

ஒரே தாயின் பிணத்தைத் தூக்கிய இரண்டு மகன்கள். ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில், ஒரே ஆட்களிடம், ஒரே வசவோடு வாங்கிய அடி. சித்தப்பாவுக்கு நடந்தது வன்கொடுமை. அப்பாவுக்கு நடந்தது 294(பி), 323, 506(2). அதாவது ஆபாசமாகத் திட்டியது, சிறு காயம், மிரட்டல். திரும்பி வரும் வழியில் அப்பா என்னிடம் கேட்டார்: “படிக்கிற புள்ள நீ சொல்லு. தம்பிக்கு நடந்ததுக்கு ஒரு பேரு இருக்கு. எனக்கு நடந்ததுக்கு என்ன பேரு?”

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஏலாக்குறிச்சியில் நின்று பேசுவதற்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது அடைக்கல மாதா கோயில் இருக்கிற ஊர். தமிழ் படித்தவர்களுக்கு இது வீரமாமுனிவரின் ஊர். இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிற இந்த ஊருக்கு வந்து, இதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, கோயில் கட்டி, தேம்பாவணி பாடினார். 1732-இல் அவர் தொகுத்ததுதான் சதுரகராதி.

அகராதி என்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தவை நிகண்டுகள். திவாகரத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் தெய்வங்களின் பெயர்கள் வரும். பிறகுதான் மனிதர்கள் வருவார்கள். உலகத்தை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுச் சொற்களை அதில் வைத்தார்கள். அகர வரிசை அப்படி இல்லை. அதில் அரசனும் வருவான், அடிமையும் வருவான். யார் முன்னால் என்பதை எழுத்துதான் முடிவு செய்யும், பிறப்பு முடிவு செய்யாது. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதல் எழுத்தை வைத்து அடுக்கிக் காட்டியது. வீரமாமுனிவர் அதை முழு அகராதியாக்கினார். இந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தான ‘ஏ’ இன்றைய வடிவத்தில் இருப்பதற்கும் அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம்தான் காரணம் என்று சொல்கிறார்கள். பிறகு 1935-இல் பெரியார் ‘குடிஅரசு’ ஏட்டில் அடுத்த சீர்திருத்தத்தைத் தொடங்கியதும், 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றதும் நமக்குத் தெரிந்த கதை.

அவரைப் பாராட்டிவிட்டு நிறுத்திவிட முடியாது. அவர் மதுரை மிஷனைச் சேர்ந்தவர். அந்த மிஷனின் பாதையைப் போட்டவர் 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி. பூணூலையும் குடுமியையும் விடாமலே கிறித்தவராகலாம் என்று வழி சொன்னவர். மேல்சாதிக்கு ஒரு வகைத் துறவி, ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமி என்று சாமியார்களையே பிரித்து வைத்த மிஷன் அது. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையவில்லை. நனைந்து இன்னும் கெட்டியானது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். கொடுமை என்பதில் ‘மை’ ஈறு. அடிச்சொல் கொடு. கொடு என்றால் வளைந்தது. நேராக இல்லாதது. அவ்வளவுதான் ஆதிப் பொருள். முனை வளைந்த வெட்டுக்கத்திக்குக் கொடுவாள் என்று பெயர். வில்லுக்குப் பழைய தமிழில் கொடுமரம் என்று பெயர். கோயில் கூரையின் விளிம்பில் வளைந்து கீழிறங்கும் கல் தாழ்வாரத்தைச் சிற்பிகள் கொடுங்கை என்பார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கை ஊரறிந்தது. கோடு, கோட்டம் எல்லாம் இதன் உறவுக்காரச் சொற்கள். இன்று கோடு என்றால் அளவுகோல் வைத்து நேராக இழுப்பது. பழைய தமிழில் கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தத்துக்குக் கோடு என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

வளைவு எப்படிக் கொடுமை ஆயிற்று? அரசன் கையிலிருந்த கோல் வழியாக என்று சொல்லலாம். நேராக நிற்கும் கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். திருக்குறளில் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், அடுத்ததாகவே கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம். நடுவுநிலைமை பற்றிப் பேசும்போது வள்ளுவர் நீதியின் குணத்துக்கு வைக்கிற பெயர் கோடாமை. ஒரு பக்கமாக வளையாமல் இருப்பது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் கொடுமைக்கு வளைவு என்ற பொருளைக் கொடுக்கிறது. ஆக, தமிழில் கொடுமையின் எதிர்ச்சொல் மென்மை அல்ல, செம்மை. அதாவது நேர்மை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இதே சொல் நம் மேலும் வீசப்பட்டிருக்கிறது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்று பிரித்தார்களே, அந்தக் கொடுந்தமிழ் எது? மக்கள் பேசுகிற தமிழ். தொல்காப்பிய உரையாசிரியர்கள் கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டு என்று கணக்கே போட்டு வைத்தார்கள். வயலில், சந்தையில், சேரியில் பேசுவது வளைந்த தமிழ், கோணல் தமிழ். எது நேர் என்று சொல்கிற உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மற்றவர்களைக் கோணல் என்பார்கள். இன்றைக்கும் ‘சேரி பாஷை’ என்பது ஒரு வசவாகத்தானே இருக்கிறது?

இந்த இடத்தில் வீரமாமுனிவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். செந்தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதியவர், கொடுந்தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதை எழுதியது பாதிரியார்கள் மக்களோடு பேசிப் பழகுவதற்காகத்தான். இருந்தாலும் வளைந்தது என்று ஒதுக்கிய பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது என்பதை அந்தப் புத்தகம் ஏற்றுக்கொண்டது. சொற்களைத் தோண்டிப் பார்ப்பது நம் மரபும்தான். ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று 1907-இல் ஏடு தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதானே. நம்மை இழிவுபடுத்தும் சொல் எப்போது, யாரால், எதற்காகத் திரிக்கப்பட்டது என்று கேட்டார்.

அடுத்து, கொடுமைக்குப் பக்கத்து வீட்டுச் சொல் ஒன்று இருக்கிறது. கடுமை. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கடும் வெயில் என்றும் சொல்வோம், கொடும் வெயில் என்றும் சொல்வோம். ஆனால் அடியில் இரண்டும் வேறு. கடு என்பது மிகுதி. கடுங்குளிர், கடும்பசி, கடுங்காப்பி, கடுங்காவல் தண்டனை. இவற்றில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. கடுமைக்கு அளவு உண்டு. கூடலாம், குறையலாம். பரீட்சை கடுமையாக இருந்தது என்றால் யாரும் யாருக்கும் அநியாயம் செய்துவிட்டதாகப் பொருள் இல்லை. கொடுமை அப்படி இல்லை. அது அளவைச் சொல்லாது, கோணலைச் சொல்லும். ஒரு கோல் ஒரு விரல்கடை வளைந்திருந்தாலும் அது வளைந்த கோல்தான். மூன்று முழம் வளைந்தால்தான் வளைவு என்று ஒத்துக்கொள்வேன் என்று எந்தத் தச்சரும் சொல்ல மாட்டார்.

நாம் இதை எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். மாமியார் கொடுமை, வரதட்சணைக் கொடுமை, தீண்டாமைக் கொடுமை. எல்லாவற்றிலும் ஓர் உறவு இருக்கிறது. ஒருவர் கை மேலே, ஒருவர் தலை கீழே. ‘என்ன கொடுமை சார் இது’ என்று நீங்கள் மீம் போட்டுச் சிரிக்கும்போதுகூட, இது இப்படி இருக்கக் கூடாதே என்பதுதான் உள்ளே இருக்கிறது. முன்பு பத்திரிகைகள் ‘கற்பழிப்பு’ என்று எழுதின. அழிந்தது அவள் கற்பு என்று பழியை அவள் மீதே வைத்த சொல் அது. இன்று பாலியல் வன்கொடுமை என்கிறோம். அந்தச் சொல் செய்தவனைக் காட்டுகிறது. பெண்கள் இயக்கங்கள் விடாமல் கேட்டதால்தான் இது மாறியது. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சொல் மாறாமல் எதுவும் தொடங்குவதில்லை.

வன்கொடுமை என்பதற்கு ஆங்கிலத்தில் அட்ராசிட்டி. அது லத்தீனில் கருமை என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. கறுத்த, பயமுறுத்தும் முகம் என்பது அதன் பழைய பொருள். கறுப்பு என்றால் தீயது என்கிற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் சொல்லில் அந்த நிறம் இல்லை. வன்மை, கொடுமை. வலிமையோடு சேர்ந்த கோணல். சாதிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

1989-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரி 26 முதல் திருத்தப்பட்ட சட்டம் அமலில் இருக்கிறது. உங்களில் பலருக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது இதில் குற்றம். பொதுச் சாலையையும் இடுகாட்டையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். முன்ஜாமீன் கிடையாது. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியரையும் 4-ஆம் பிரிவு தண்டிக்கிறது. 2018 மார்ச் 20-இல் உச்ச நீதிமன்றம் இதன் பல்லைப் பிடுங்கியபோது ஏப்ரல் 2 அன்று நாடே தெருவுக்கு வந்தது. உயிர்களைப் பறிகொடுத்தோம். அதன் பிறகுதான் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. ஒரு சொல்லைக் காப்பாற்ற மக்கள் கொடுத்த விலை அது.

இவ்வளவு வலுவான சொல் என் அப்பாவுக்கு ஏன் வரவில்லை? சட்டத்தில் பட்டியல் சாதி என்றால் குடியரசுத் தலைவரின் 1950 ஆகஸ்ட் 10 ஆணையில் இருக்கிற சாதி. அந்த ஆணையின் 3-ஆவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரையும் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களையும், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்த ரைட்டர் கெட்டவர் இல்லை. சட்டத்தைச் சரியாகத்தான் படித்தார். ரைட்டர் நல்லவராக இருந்தும் இது நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதை எதிர்த்துச் சென்னையிலிருந்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் பெயர் சூசை. தெருவோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் ஒன்று 1982-இல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தொழில் செய்தவர்களுக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆதி திராவிடர், ஆனால் கிறித்தவர். வழக்கை 1985 செப்டம்பர் 30 அன்று தள்ளுபடி செய்தார்கள். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியால் வரும் இழிவுகள் புதிய மதத்திலும் அதே ஒடுக்கும் கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும்.

சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன். கடுமை. ஆங்கிலத் தீர்ப்பில் இருந்த சொல்லைத் தமிழில் அப்படித்தான் சொல்ல முடியும். சூசை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது கொடுமை. நீதிமன்றம் கேட்டது கடுமை. அவர் கோல் வளைந்திருக்கிறது என்றார். அவர்கள் எத்தனை அங்குலம் என்று கேட்டார்கள். சாலையோரத்தில் செருப்புத் தைக்கிற ஒருவர் எந்த ஆய்வு அறிக்கையைக் கொண்டுவந்து அளந்து காட்டுவார்? அளக்க வேண்டியது அரசின் வேலை இல்லையா?

அளந்தும் பார்த்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் கொடுத்த அறிக்கையில் அந்த 3-ஆவது பத்தியையே நீக்கச் சொன்னது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்ட பிறகும் சாட்சி கேட்கிற விசித்திரமான வழக்கு இது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள், அதன் காலத்தை நீட்டித்தார்கள். தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. மறுபக்கம் 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம், கிறித்தவரான ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அங்கே புகார் கொடுத்தவர் ஒரு போதகர். அவர் கையில் இருந்தது பட்டியல் சாதிச் சான்றிதழ். என் சித்தப்பா கதைதான்.

இரண்டு கேள்விகள் எப்போதும் வரும். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

முதல் கேள்வி: ‘உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை?’ மதப் புத்தகத்தில் சாதி இல்லை என்பது உண்மை. எங்களை மறித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்து மறிக்கவில்லை, தெருவைப் பார்த்து மறித்தார்கள். சீக்கிய மதப் புத்தகத்திலும் பௌத்தத்திலும் சாதி இல்லை. அவர்களைச் சேர்த்தது சரி. அதே நியாயம் இங்கே மட்டும் எங்கே வளைகிறது?

இரண்டாவது கேள்வி நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. ‘இருக்கிற 18 விழுக்காட்டில் உங்களையும் சேர்த்தால் எங்களுக்குக் குறையுமே?’ இது நியாயமான கவலை. கோபப்படாமல் உட்கார்ந்து பேச வேண்டிய கவலை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இடஒதுக்கீட்டில் இடங்களுக்கு எண்ணிக்கை உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எண்ணிக்கை கிடையாது. என் அப்பாவுக்கு ஒரு பிரிவு போட்டால் சித்தப்பாவுக்கு ஒரு பிரிவு குறைந்துவிடாது. அந்தச் சட்டத்தில் பட்டியல் சாதி என்றால் யார் என்ற வரையறை 2-ஆம் பிரிவில் இருக்கிறது. அதை நாடாளுமன்றம் திருத்தலாம். இடஒதுக்கீட்டுப் பங்கீட்டை முடிவு செய்ய எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பேசுங்கள். அதுவரை அடி வாங்குகிறவருக்கு அடியின் சரியான பெயரைக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கடைசியாக, என் தொழிலில் நான் தாமதமாகக் கண்டுபிடித்த ஒன்று. நம் ஊரில் வன்கொடுமை வழக்கு என்று யாரும் சொல்வதில்லை. காவல் நிலையத்திலும் டீக்கடையிலும் ‘பி.சி.ஆர். கேஸ்’தான். ‘பி.சி.ஆர். போட்டுருவான்’ என்று வசவு மாதிரிச் சொல்கிறார்கள். உண்மையில் பி.சி.ஆர். என்பது வேறு சட்டம். 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4-ஆவது பிரிவு பொதுச் சாலையையும் இடுகாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தீண்டாமையைக் காரணமாக வைத்து ‘எந்த ஒரு நபரையும்’ தடுத்தால் குற்றம் என்கிறது. பட்டியல் சாதியினர் என்று வரம்பு கட்டவில்லை. அதற்கு அடிப்படையான அரசமைப்பின் 17-ஆவது பிரிவிலும் மதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

யோசித்துப் பாருங்கள். ரைட்டர் அப்பாவிடம் ‘பி.சி.ஆர். வராது’ என்றார். அவர் மனதில் இருந்தது 1989 சட்டம். வாயில் வந்தது 1955 சட்டத்தின் பெயர். வராது என்று சொன்னாரே, அந்த உண்மையான பி.சி.ஆரை அப்பாவுக்கும் கேட்டிருக்கலாம். பெயரைத் தப்பாகப் பழகியதால் இருக்கிற கதவும் கண்ணில் படவில்லை. இந்தச் சட்டம் பலவீனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்றால், நடந்தது தீண்டாமைதான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். தலித் கிறித்தவருக்கு அந்த அனுமானம் கிடையாது, நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆனாலும் முதல் தகவல் அறிக்கையில் தீண்டாமை என்ற சொல் ஏறும். நடந்தது வெறும் அடிதடி இல்லை என்று அரசின் தாளில் பதிவாகும்.

அதனால் உங்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன். ஒன்று, பி.சி.ஆர். என்ற சொல்லை விடுங்கள். 1989 சட்டத்தை வன்கொடுமைச் சட்டம் என்று முழுப் பெயரால் சொல்லுங்கள், எழுதுங்கள். இரண்டு, உங்கள் ஊரில் தலித் கிறித்தவர் யாராவது சாதியின் பெயரால் தாக்கப்பட்டால், மறிக்கப்பட்டால், 1955 சட்டத்தையாவது சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கடுமை எவ்வளவு என்று கேட்கிற நீதிமன்றத்துக்கு நாளை அந்தத் தாள்கள்தான் பதில். மூன்று, உங்கள் பங்கில், உங்கள் கல்லறைத் தோட்டத்தில், உங்கள் சப்பரம் போகிற தெருவில் கோணல் இருந்தால் அதை அங்கேயே பேசுங்கள். வெளியே சட்டத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே வாய் மூடியிருக்க முடியாது. வாசலில் அடைக்கலம் என்று எழுதி வைத்திருக்கிறோம். அது எல்லாத் தெருவுக்கும் பொதுவா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

அப்பா இப்போது இல்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவருக்கு அன்று பெரிய காயம் இல்லை, நான்கு நாளில் ஆறிவிட்டது. கடுமை என்று பார்த்தால் குறைவுதான். ஆனால் அவர் அம்மாவின் பிணத்தோடு தார்ச்சாலையில் நேராகப் போக வேண்டியவர், சேற்று வரப்பில் வளைந்து போக வைக்கப்பட்டார். அதன் பெயர் கொடுமை, அப்பா. சட்டம் இன்னும் அதை உங்கள் பெயருக்கு எழுதவில்லை. எழுத வைப்போம்.